கடைசி பெஞ்ச் பாண்ட் படங்கள்: வாசகர் கேள்வி – பதில்

ஜேம்ஸ் பாண்ட் வரிசையில் ஈயான் நிறுவனம் 1962 முதல் 2021 வரை எடுத்தவை 25 படங்கள். 'கோல்டுஃபிங்கர்', 'கேசினோ ராயல்', 'ஸ்கைஃபால்' பற்றியெல்லாம் பேசி முடித்தாயிற்று. யாரும் வக்காலத்து வாங்காத படங்களைப் பற்றி மட்டும் இந்த முறை கேளுங்கள் என்று சொல்லியிருந்தோம். கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பியவை இவை.

சுற்றி வளைக்காமல் வரிசையைச் சொல்லுங்கள். சுமார் ரகப் படங்களிலேயே எது தேவலை, எது சுத்த மோசம்?
– மஞ்சக்குப்பம், கடலூர்

மேலிருந்து கீழாக: 'லைசென்ஸ் டு கில்' (1989), 'ஆக்டோபசி' (1983), 'குவாண்டம் ஆஃப் சோலஸ்' (2008), 'மூன்ரேக்கர்' (1979), 'டுமாரோ நெவர் டைஸ்' (1997), 'த வேர்ல்டு இஸ் நாட் இனஃப்' (1999), 'ஸ்பெக்டர்' (2015), 'த மேன் வித் த கோல்டன் கன்' (1974), 'எ வியூ டு எ கில்' (1985), 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' (1971), கடைசியில் 'டை அனதர் டே' (2002).

1969-இல் வந்த 'ஆன் ஹெர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ்' ஏன் இல்லை என்று கேட்பீர்கள். அதில் பாண்டாக நடித்த ஜார்ஜ் லேஸன்பி ஒரே படத்தோடு போய்விட்டதால் அது பல வருஷம் ஒதுக்கப்பட்டுக் கிடந்தது உண்மை. இன்று அதைத் தலையில் வைத்து ஆடுகிறவர்கள் ஏராளம். ஒதுக்கப்பட்ட படம் என்ற பட்டியலில் அதைச் சேர்க்க இனி நியாயமில்லை.

வரிசைக்கு வைத்த அளவுகோல் ஒன்றுதான். பக்கத்து வீட்டில் ஓடிய படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு எடுத்தார்களா, தங்களுக்குக் கைவந்த சரக்கை நம்பி எடுத்தார்களா? 1974-இல் குங்ஃபூ படங்கள் ஓடின, பாண்ட் குங்ஃபூ பள்ளிக்கூடத்துக்குப் போனார். 1977-இல் 'ஸ்டார் வார்ஸ்' ஓடியது, 1979-இல் பாண்ட் விண்வெளிக்கே போய்விட்டார். 2002-இல் கிராபிக்ஸ், 2008-இல் 'ஜேசன் போர்ன்' உளவாளிப் படங்களின் வெட்டு வேகம். கடன் வாங்கிய இடத்தில்தான் படம் தொய்கிறது. ஆனால் கடன் வாங்கியும் தேறிய படங்கள் உண்டு. முதலிடத்தில் இருப்பதே அப்படி ஒன்றுதான்.

'லைசென்ஸ் டு கில்' படத்தில் பாண்டின் குறும்பே கிடையாது, ரத்தம்தான். அதற்குப் போய் முதலிடமா?
– லாஸ்பேட்டை, புதுச்சேரி

ஆமாம், கதை இருப்பதால்.

போதைமருந்துக் கும்பல், நண்பனுக்காகப் பழிவாங்கல் என்பதெல்லாம் எண்பதுகளின் அமெரிக்கப் படங்களில் புளித்துப்போன சரக்கு. பாண்ட் என்ன செய்கிறார் என்று பாருங்கள். வில்லன் சாஞ்செஸைத் தேடிப்போய்ச் சுடுவதில்லை. அவனிடமே வேலைக்குச் சேர்கிறார். சாஞ்செஸுக்குப் பணத்தைவிட விசுவாசம் பெரிது. அதை அவனே வாய்க்கு வாய் சொல்கிறான். அந்த இடத்தில்தான் பாண்ட் கைவைக்கிறார். கூட்டாளி கிரெஸ்டின் கப்பலில் பணக்கட்டுகளைப் பதுக்கி வைக்கிறார். தன் ஆளே தன்னை ஏமாற்றிவிட்டான் என்று நம்பிய சாஞ்செஸ், கிரெஸ்டைக் காற்றழுத்த அறையில் தள்ளிக் கதையை முடிக்கிறான். இப்படி ஒவ்வொரு விசுவாசியாகச் சந்தேகத்தில் விழ, கோட்டை உள்ளிருந்தே இடிகிறது. பாண்ட் மூளையைக் கொண்டு ஜெயிக்கும் படங்கள் இந்த வரிசையில் குறைவு என்பதை மறந்துவிடாதீர்கள்.

கடைசியில் வரும் டேங்கர் லாரித் துரத்தல் மெக்ஸிகோவின் லா ருமோரோஸா மலைச்சாலையில் நிஜ லாரிகளை வைத்து எடுத்தது. பிரெஞ்சு ஸ்டன்ட் வித்தகர் ரெமி ஜூலியென் குழுவினரின் கைவண்ணம். ஏவுகணை அடியில் புகுந்து போகட்டும் என்று பாண்ட் லாரியை ஒரு பக்கச் சக்கரங்களில் சாய்த்து ஓட்டுவார். முன்னால் இழுக்கும் ட்ராக்டர் பகுதியும் பின்னால் வரும் தொட்டியும் தனித்தனியாக ஆடக்கூடியவை. இரண்டும் ஒரே கோணத்தில் சாய்ந்து நிற்க வேண்டும். ஒன்று முந்தினால் மடங்கி விழும். அதை மனதில் வைத்துக்கொண்டு அந்த ஷாட்டை இன்னொரு முறை பாருங்கள்.

குறைகளும் உண்டு. செலவைக் குறைக்க லண்டன் பைன்வுட்டை விட்டு மெக்ஸிகோ ஸ்டூடியோவுக்குப் போனார்கள். உள்ளறைக் காட்சிகளில் வெளிச்சம் தட்டையாக விழுவதால் டிவி சீரியல் வாடை அடிக்கிறது. ஹாங்காங் போதைத் தடுப்பு அதிகாரிகளை நிஞ்ஜா வேஷத்தில் இறக்கியது தேவையே இல்லை. படம் முடிகையில் ஒரு மீன் சிலை கண் சிமிட்டுகிறது. அதை எந்த மகானுபாவர் ஒப்புக்கொண்டாரோ!

1989 கோடையில் 'பேட்மேன்', மூன்றாவது 'இண்டியானா ஜோன்ஸ்', 'லீதல் வெப்பன் 2' மூன்றும் ஒன்றாக வந்து அமெரிக்காவில் இதை அமுக்கிவிட்டன. பிரிட்டனில் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் பார்க்கக்கூடாது என்று சான்றிதழ் வாங்கிய முதல் பாண்ட் படமும் இதுதான். வழக்கமாக வரும் பள்ளிக்கூடக் கூட்டம் அங்கே கழன்றது. அதன்பின் சட்டச் சிக்கலில் 6 வருஷம் பாண்டே வரவில்லை. இதில் பாண்டாக நடித்த டிமத்தி டால்டன் மூன்றாவது படம் செய்யாமலே போனார்.

'ஆக்டோபசி'யில் பாண்ட் கோமாளி வேஷம் போட்டதை மன்னிக்கவே முடியாது. ஒப்புக்கொள்கிறீர்களா?
– முத்தியால்பேட்டை, புதுச்சேரி

கோமாளி வேஷத்தில்தான் ஒப்புக்கொள்ள மாட்டோம். டார்ஜான் போலக் கூவிக்கொண்டு கொடியைப் பிடித்துத் தாவுவதை வேண்டுமானால் நீங்களும் நாமும் சேர்ந்தே திட்டலாம்.

படம் தொடங்கியதும் கிழக்கு பெர்லினில் ஓர் உளவாளி உயிருக்கு ஓடுகிறான், 009. கோமாளி உடுப்பில், கையில் ஃபேபர்ஷே என்னும் ரத்தின முட்டையின் போலியோடு பிரிட்டிஷ் தூதர் வீட்டில் வந்து விழுந்து சாகிறான். படம் முடியும் கட்டத்தில், மேற்கு ஜெர்மனியிலுள்ள அமெரிக்க விமானத் தளத்தில், சர்க்கஸ் பீரங்கிக்குள் அணுகுண்டு இருக்கிறது. அதே கோமாளி உடுப்பில் பாண்ட் கத்துகிறார், கூட்டம் சிரிக்கிறது. செத்தவனின் வேஷத்தில் உயிரோடு இருப்பவன், அவனை நம்ப ஆளில்லை. ரோஜர் மூர் நடித்த 7 படங்களில் இவ்வளவு இறுக்கமான நிமிஷங்கள் வேறு இல்லை.

பலருக்கு இந்தப் படம் குழம்புவது முட்டையால். ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: லண்டன் ஏலத்தில் பாண்ட் அசலை எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிடுகிறார், வில்லன் கமால் கான் 5 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்குவது போலி. அதனால்தான் உதய்ப்பூரில் பாண்ட் பகடையாட்டத்தில் அசலைப் பந்தயமாக வைக்கும்போது கமால் கானுக்கு வியர்க்கிறது. முட்டைக் கதை, சோவியத் நகைகளைத் திருடும் கூட்டத்தைக் காட்டத்தான். உண்மையான சதி குண்டு. அது வெடித்தால் அமெரிக்கர்களின் சொந்தக் குண்டே தவறி வெடித்ததாக ஐரோப்பா நம்பும், அணு ஆயுதங்களைக் கைவிடச் சொல்லும், சோவியத் படை உள்ளே நுழையும் என்பது ஜெனரல் ஆர்லோவின் கணக்கு.

இந்தியப் பகுதி நமக்கு நெளியத்தான் செய்யும். பாம்பாட்டி, ஆணிப்படுக்கை, நெருப்பு மிதி எல்லாம் ஒரே தெருவில். ஜெயித்த பணத்தைக் கொடுத்து 'சில வாரக் கறிச்செலவுக்கு ஆச்சு' என்ற பாணியில் பாண்ட் அடிக்கும் ஜோக் இன்று கசக்கும். அதே தெருவில்தான் நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் மகுடியில் பாண்ட் இசையை ஊதி அடையாளம் காட்டுகிறார், ஆட்டோ துரத்தலில் டென்னிஸ் மட்டையால் அடியாட்களை விளாசுகிறார். வேடிக்கை பார்க்கும் கூட்டம் டென்னிஸ் மேட்ச் பார்ப்பதுபோல் இடமும் வலமும் தலையைத் திருப்பும். அது நல்ல ஜோக்.

ஜெர்மனியில் நடப்பதாக வரும் ரயில் காட்சிகள் இங்கிலாந்தில், பீட்டர்பரோ பக்கம் நீன் வேலி ரயில் பாதையில் எடுத்தவை. பெட்டியின் பக்கவாட்டில் தொங்கிய மூரின் டூப் மார்ட்டின் கிரேஸ் சுவரில் மோதிப் படுகாயமடைந்தார். கிராபிக்ஸ் இல்லாத காலத்து விலை அது.

'குவாண்டம் ஆஃப் சோலஸ்' இரண்டு தடவை பார்த்தும் யார் யாரைத் துரத்துகிறார் என்றே புரியவில்லை. கோளாறு என்னிடமா?
– சிதம்பரம்

பாதி படத்திடம், பாதி நீங்கள் பார்த்த முறையிடம்.

முதல் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டின் ஆஸ்டன் மார்ட்டினும் கருநிறம், துரத்தும் ஆல்ஃபா ரோமியோக்களும் கருநிறம். சுரங்கப்பாதை இருட்டு. ஒரு ஷாட் கண்ணில் பதிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. எந்தக் கார் முன்னே, எந்தக் கார் பின்னே என்று காட்டும் தூரத்து ஷாட்டுகள் போதவில்லை. சண்டைக் காட்சியில் பார்வையாளருக்கு முதலில் இடம் புரிய வேண்டும், பிறகுதான் அடி வலிக்கும். 'போர்ன்' படங்களில் வேலை செய்த டான் பிராட்லியே இதற்கும் இரண்டாம் யூனிட் இயக்குநர். வேகம் வந்தது, இடம் தொலைந்தது. ஒரு சின்ன உபாயம்: பாண்டின் காரில் ஓட்டுநர் பக்கக் கதவு சீக்கிரமே பிய்ந்துவிடும். கதவில்லாத கார் பாண்டுடையது.

கதை மெலிந்ததற்கும் காரணம் உண்டு. 2007 நவம்பரில் ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி 2008 பிப்ரவரி வரை நீண்டது. திரைக்கதையைச் செதுக்க ஆளில்லாமல் இயக்குநர் மார்க் ஃபார்ஸ்டரும் பாண்டாக நடித்த டேனியல் கிரெய்க்குமே காட்சிகளைத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

பார்க்கும் முறைக்கு வருவோம். இது தனிப்படம் அல்ல, 'கேசினோ ராயல்' முடிந்த சூட்டிலேயே தொடங்குவது. அது 144 நிமிஷம், இது 106. ஈயான் படங்களில் இதுவே மிகச் சிறியது. இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பாருங்கள். 4 மணி 10 நிமிஷம் ஆகும், நடுவில் சாப்பாட்டுக்கு ஓர் இடைவேளை. முந்தைய படத்தில் பாண்டின் காதலி வெஸ்பரின் சாவு மனதில் ஆறாமல் இருக்கும்போது பார்த்தால் பாண்ட் ஏன் இவ்வளவு மூர்க்கமாக இருக்கிறார் என்று விளக்கவே வேண்டாம்.

வில்லன் கிரீன் பொலிவியாவில் பாலைவனத்தை வளைக்கிறான். எண்ணெய்க்குத்தான் என்று எல்லாரும் நினைக்க, அவன் நிலத்தடி நீரைத் தேக்கி வைத்து நாட்டுக்கே இரண்டு மடங்கு விலைக்கு விற்கப் பார்க்கிறான். உலகை அழிக்கும் லேசர் எங்கே என்று 2008-இல் கேலி செய்தார்கள். பொலிவியாவின் கோச்சபம்பா நகரில் குடிநீர் தனியார் கைக்குப் போனதை எதிர்த்து 2000-இல் ஊரே தெருவுக்கு வந்தது நிஜம். வீராணத்துத் தண்ணீர் குழாயேறிச் சென்னை போவதைப் பார்க்கும் மாவட்டத்துக்காரருக்கு இந்த வில்லன் அவ்வளவு அந்நியமாகத் தெரியமாட்டான்.

பிரெகென்ஸ் ஏரி மேடையில் 'டோஸ்கா' ஓபரா நடக்கும் காட்சியைத் தவறவிடாதீர்கள். சதிகாரர்கள் கூட்டத்தில் சிதறி உட்கார்ந்து காதுக்கருவியில் ரகசியக் கூட்டம் போடுகிறார்கள். பாண்ட் நடுவில் பேசியதும் பயந்து எழுந்து வெளியேறி முகம் காட்டுகிறவர்கள் மாட்டுகிறார்கள். அனுபவசாலி வைட் மட்டும் நாற்காலியைவிட்டு அசைவதில்லை.

'மூன்ரேக்கர்' விண்வெளிச் சண்டையைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. 1979-இல் அதற்கு மேல் முடியாதா?
– கடலூர் முதுநகர்

சிரிப்பு கதையைப் பார்த்து வந்தால் சரி. வேலைப்பாட்டைப் பார்த்து வந்தால் கொஞ்சம் பொறுங்கள்.

'த ஸ்பை ஹூ லவ்டு மீ' (1977) முடிவில் அடுத்த படம் 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' என்றே போட்டிருந்தார்கள். 'ஸ்டார் வார்ஸ்' வசூலைப் பார்த்ததும் திட்டம் மாறியது. மினியேச்சர் நிபுணர் டெரெக் மெடிங்ஸுக்கு, தனித்தனியாக எடுத்ததை லேபில் ஒட்டிச் சேர்க்க நேரமில்லை. எனவே எல்லாவற்றையும் கேமராவுக்குள்ளேயே செய்தார். முதலில் ஒரு விண்வெளி ஓடத்தை மட்டும் எடுப்பார்கள். பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, அதே துண்டில் இன்னொரு வீரர், பிறகு லேசர் கீற்று, பிறகு நட்சத்திரங்கள். சில ஷாட்டுகளுக்கு ஒரே பிலிம் டஜன் கணக்கான முறை ஓடியிருக்கிறது. கடைசிச் சுற்றில் ஒன்று பிசகினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பிரதி எடுக்காத பிலிம் என்பதால் படம் இன்றும் கூர்மையாக இருக்கிறது. ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது.

விண்வெளி ஓடமான ஷட்டில் கிளம்பும்போது பின்னால் வெள்ளையாகப் புகை கொட்டுகிறதே, அது மாடலிலிருந்து சிந்தவிட்ட உப்பு. மரக்காணம் உப்பளத்தைத் தாண்டிப் போகிறவர்கள் நினைத்துக்கொள்ளலாம். அசல் ஷட்டில் முதன்முதலாகப் பறந்தது 1981 ஏப்ரலில், படம் வந்து ஏறத்தாழ 2 வருஷம் கழித்து.

தொடக்கத்தில் பாண்ட் பாராசூட் இல்லாமல் விழும் காட்சி பெரும்பாலும் நிஜம். தாவியவர்கள் மெல்லிய பாராசூட்டைக் கோட்டுக்குள் ஒளித்திருந்தார்கள், இன்னொருவர் தலைக்கவசத்தில் கேமரா கட்டிக்கொண்டு கூடவே விழுந்தார். ஒரு தாவலில் தேறுவது சில விநாடிகள்தான் என்பதால் 88 முறை தாவினார்கள்.

கோளாறு எங்கே என்றால், பயப்படவேண்டிய அடியாள் ஜாஸைக் காதலனாக்கியது, வெனிஸில் புறா திரும்பிப் பார்த்து வியப்பது, ஹோவர்கிராஃப்ட் ஆகும் படகு. படத்துக்கு 3 கோடியே 40 லட்சம் டாலர் செலவானது. வசூல் 21 கோடி; 1995-இல் 'கோல்டன்ஐ' வரும்வரை எந்தப் பாண்ட் படமும் அதைத் தாண்டவில்லை. ஓடிய படம் வேறு, நேசிக்கப்பட்ட படம் வேறு.

பாலம் உடைந்த ஆற்றைக் கார் சுழன்று தாண்டுவது நிஜமா, தந்திரமா? 'கோல்டன் கன்' பற்றி அலுவலகத்தில் தகராறு.
– வில்லியனூர், புதுச்சேரி

நிஜம். ஒரே டேக்.

காரைத் தூக்கி வீசி நடப்பது நடக்கட்டும் என்று விட்ட வேலையல்ல. கார்னெல் ஆய்வுக்கூடத்தில் சாலை விபத்துகளை ஆராய வைத்திருந்த கணினி நிரலில் காரின் எடை, வேகம், சரிவுப் பலகையின் முறுக்கு எல்லாவற்றையும் கொடுத்துக் கணக்கிட்டார்கள். ஏஎம்சி ஹார்னெட் காரில் ஸ்டியரிங்கையும் ஓட்டுநர் இருக்கையையும் நடுமையத்துக்கு மாற்றினார்கள். ஆள் ஒரு பக்கமாக உட்கார்ந்தால் எடை சாய்ந்து, கார் சுழலும்போது அச்சு விலகிவிடும். ஏறும் பலகை ஒரு பக்கம் உயர்ந்து முறுக்கியிருக்கும். காரைச் சுழல வைப்பது அந்த முறுக்குதான்.

இவ்வளவு செய்துவிட்டு, கார் காற்றில் திரும்பும் அந்த நொடியில் 'ஊஊய்ங்' என்று ஸ்லைடு விசில் ஊதிவிட்டார்கள். இசையமைப்பாளர் ஜான் பேரியே பின்னாளில் வருந்தினார். ஒலியை நிறுத்திவிட்டு அந்த இடத்தைப் பாருங்கள்.

வில்லன் கிறிஸ்டோபர் லீ பாண்டுக்குச் சமமான ஆள். பேனா, லைட்டர், சிகரெட் பெட்டி, கஃப் பட்டன் நான்கையும் கோத்துத் துப்பாக்கி செய்யும் அழகே தனி. ஒரு கொலைக்கு 10 லட்சம் டாலர் வாங்கும் அவனை வைத்துக்கொண்டு, எண்ணெய் நெருக்கடிக் காலமாயிற்றே என்று சூரிய மின்சாரக் கருவியின் பின்னால் கதையை ஓட விட்டது வீண். தாய்லாந்துக்குச் சுற்றுலா வந்த அமெரிக்க ஷெரீஃபை வேறு காருக்குள் ஏற்றி வைத்தார்கள்.

'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' படத்தில் சந்துக்குள் போகும் காரும் வெளியே வரும் காரும் ஒன்றா?
– நெல்லிக்குப்பம்

கதைப்படி ஒன்றுதான். மஸ்டாங் வலப்பக்கச் சக்கரங்களில் சாய்ந்து உள்ளே போகிறது, இடப்பக்கச் சக்கரங்களில் சாய்ந்து வெளியே வருகிறது. நுழைவதை லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டூடியோவிலும் வெளியேறுவதை லாஸ் வேகாஸிலும் எடுத்ததில் வந்த வினை. தவறு தெரிந்ததும், சந்துக்குள்ளேயே கார் பக்கம் மாறுவதாக நடுவில் ஒரு ஷாட்டைச் செருகினார்கள். சாய்ந்தால்தான் நுழைய முடிகிற சந்தில் எப்படிப் பக்கம் மாறும்? செருகாமல் இருந்திருந்தால் பாதிப் பேர் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

பிரான்சிலிருந்து வந்த மாமா பாண்ட் டிவிடிகள் கொடுத்தார். எல்லாம் பிரெஞ்சுத் தலைப்பு. எது எது என்று தெரியவில்லை, சில ஓடவும் இல்லை.
– குருசுக்குப்பம், புதுச்சேரி

இந்தப் பட்டியலுக்குத் தேவையானவை மட்டும். 'பெர்மி த துயே' என்றிருந்தால் 'லைசென்ஸ் டு கில்'. 'தான்ழெரோஸ்மான் வோத்ர்' என்பது 'எ வியூ டு எ கில்'. தலைப்புகளுக்கிடையே ஒட்டுறவே இல்லாததால் இதில்தான் பலரும் ஏமாறுவார்கள். 'லொம் ஓ பிஸ்தொலே தோர்' – 'கோல்டன் கன்'. 'ல மோந்த் ந சுஃபி பா' – 'த வேர்ல்டு இஸ் நாட் இனஃப்'. 'ஆக்டோபசி', 'மூன்ரேக்கர்' இரண்டும் அதே பெயரில் இருக்கும்.

ஓடாததற்குக் காரணம் பெரும்பாலும் மண்டலக் குறியீடு. பிரான்ஸ் டிவிடி மண்டலம் 2, இந்தியா 5. எல்லா மண்டலத்தையும் ஏற்கும் பிளேயராக இருந்தால் ஓடும். கணினியின் டிரைவில் போட்டு மண்டலத்தை மாற்றலாம், ஆனால் 5 முறைதான் அனுமதி, கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும். இன்னொன்று: ஐரோப்பிய டிவிடியில் விநாடிக்கு 24 படச்சட்டங்களுக்குப் பதில் 25 ஓடும். 133 நிமிஷ 'லைசென்ஸ் டு கில்' ஏறத்தாழ 128 நிமிஷத்தில் முடிந்துவிடும். வெட்டிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். குரல்கள் இம்மி அளவு கீச்சென்று கேட்பதும் அதனால்தான்.

பிரெஞ்சுக் குரலிலேயே பார்க்க நினைத்தால் 'மூன்ரேக்கர்' பொருத்தம். வரிச்சுமைக்கு அஞ்சிப் படப்பிடிப்பைப் பாரீஸ் ஸ்டூடியோக்களுக்கு மாற்றியதால் பாதிப் பிரெஞ்சுப் படம் அது. வில்லன் மைக்கேல் லான்ஸ்டேல் இரு மொழியிலும் வல்லவர்.

பியர்ஸ் பிராஸ்னனின் நடு இரண்டு படங்களும் எனக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன.
– ரெட்டியார்பாளையம், புதுச்சேரி

'டுமாரோ நெவர் டைஸ்' முதல் ஒரு மணி நேரம் நல்ல படம். செய்தியை விற்க யுத்தத்தையே மூட்டும் ஊடக முதலாளி, பின் சீட்டில் படுத்துக்கொண்டு கைபேசியால் ஓட்டும் கார், மிஷெல் யோ. கடைசி அரை மணி வெறும் துப்பாக்கிச் சத்தம். 'த வேர்ல்டு இஸ் நாட் இனஃப்' நேர்மாறு: கதை நல்லது, கொண்டுபோன விதம் சோம்பல். கடத்தப்பட்ட பெண்ணே சூத்திரதாரி என்பது அருமையான யோசனை, சோஃபி மார்சோ அதற்கு ஏற்ற ஆள். ஆனால் தலையில் குண்டு புதைந்து வலியே உணராத வில்லன் ரெனார்டை வைத்துக்கொண்டு அந்த வலியின்மையால் ஒரு சண்டைகூட உருப்படியாக அமைக்கவில்லை. தேம்ஸ் படகுத் துரத்தல் டைட்டிலுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் படத்தில் எதுவும் இல்லை.

'எ வியூ டு எ கில்' வரும்போது ரோஜர் மூருக்கு என்ன வயது?
– நெய்வேலி

57. வில்லன் கிறிஸ்டோபர் வாக்கனுக்கு 42. வயதைவிட டூப்புகள்தான் உறுத்தல்: பனிச்சறுக்கில், படிக்கட்டில், தீயணைப்பு வண்டி ஏணியில் முகம் தெரியும் ஷாட்டும் முதுகு தெரியும் ஷாட்டும் மாறிமாறி வரும். சுரங்கத்தில் வில்லன் சொந்தத் தொழிலாளிகளைச் சிரித்தபடி சுட்டுத் தள்ளுவது மூரின் பாண்டுக்குப் பொருந்தாத கொடூரம். அந்தக் காட்சி பிடிக்கவில்லை என்று மூரே சொன்னார். டியூரான் டியூரான் இசைக்குழு பாடிய டைட்டில் பாட்டு மட்டும் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. வேறு எந்தப் பாண்ட் பாட்டுக்கும் கிடைக்காதது.

ஷான் கானரியின் 'நெவர் சே நெவர் அகெய்ன்' உங்கள் வரிசையில் எங்கே?
– திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

வெளியே. ஈயான் எடுத்ததல்ல. 'தண்டர்பால்' கதை யாருக்குச் சொந்தம் என்ற வழக்கில் கெவின் மெக்லோரிக்குக் கிடைத்த உரிமையில் 1983-இல் மறுபடி எடுத்தது. துப்பாக்கிக் குழல் தொடக்கமும் இல்லை, பாண்ட் இசையும் இல்லை. அதே வருஷம் வந்த 'ஆக்டோபசி'தான் வசூலில் ஜெயித்தது.

'ஸ்பெக்டர்' தியேட்டரில் பார்த்தபோது முத்தக் காட்சி திடீரென்று தாவியது. பிரதியில் கோளாறா?
– அரியாங்குப்பம், புதுச்சேரி

கத்தரி. 2015-இல் நம் தணிக்கை வாரியம் முத்தங்களின் நீளத்தைப் பாதியாகக் குறைத்தது. கதைக்கு அதனால் நஷ்டமில்லை. நஷ்டம் வேறிடத்தில்: புளோஃபெல்டைப் பாண்டுடன் வளர்ந்த சகோதரன்போல ஆக்கி, முந்தைய மூன்று படங்களின் துயரமும் அவன் சூழ்ச்சியே என்று முடிச்சுப் போட்டார்கள். பெரிய வில்லன் சின்னப் பொறாமைக்காரன் ஆகிவிட்டான். மொராக்கோவில் 8,418 லிட்டர் மண்ணெண்ணெயும் 33 கிலோ வெடிமருந்தும் கொளுத்திக் கின்னஸ் சாதனை செய்த வெடிப்பு திரையில் சில நொடிகளில் போய்விடுகிறது. பார்ப்பவருக்கு அந்த இடத்தோடு ஒட்டுதல் வந்திருந்தால் கால்வாசி எண்ணெயே போதுமாயிருந்திருக்கும். தொடக்கத்தின் மெக்ஸிகோ நகர 'இறந்தோர் நாள்' ஊர்வலம் மட்டும் அபாரம். அப்படியொரு ஊர்வலம் அதுவரை அங்கே கிடையாது. படத்தைப் பார்த்துவிட்டு 2016 முதல் நகர நிர்வாகமே நடத்துகிறது.

'டை அனதர் டே' கடைசி இடமா? மறைந்து போகும் கார் சின்ன வயதில் எங்களுக்கு உயிர்.
– பண்ருட்டி

காருக்காகக் கடைசியில் வைக்கவில்லை. காரின் எல்லாப் பக்கமும் கேமரா, எதிர்ப்பக்கத் தோலில் அந்தக் காட்சி என்று பாண்டுக்குக் கருவிகள் தரும் க்யூ விளக்குகிறார். பாண்ட் உலகத்தில் அது ஒன்றும் பாவமில்லை.

முதல் 20 நிமிஷத்தில் பாண்ட் பிடிபடுகிறார், வட கொரியச் சிறையில் 14 மாதம் சித்திரவதை. தாடியும் சடையுமாக வெளியே வரும்போது சொந்த நிறுவனமே நம்புவதில்லை. இப்படி ஒரு தொடக்கம் அதுவரை எந்தப் பாண்டுக்கும் கிடைத்ததில்லை. முகத்தைச் சிரைத்து சட்டை மாற்றியதும் 14 மாதமும் காணாமல் போகிறது. அதற்குப் பிறகு அவர் உடலிலோ மனதிலோ ஒரு தழும்பும் இல்லை.

அடுத்தது அலைச்சறுக்கு. பனிப்பாறை சரிந்து எழும் பேரலையில் பாண்ட் பாராசூட்டோடு சறுக்குவது முழுக்கக் கணினி வேலை. தண்ணீருக்கு எடையில்லை, திவலை பெரிதாகவும் அலை சின்னதாகவும் தெரிகிறது, பாண்டின் உடல் அலையின் இழுப்புக்கு வளைந்து கொடுக்கவில்லை. கொடுமை என்னவென்றால், அதே படம் தொடங்கும் காட்சியில் நிஜ அலைச்சறுக்கு வீரர்கள் நிஜமான ராட்சத அலையில் சறுக்குகிறார்கள். ஒரே படத்துக்குள் அசலும் போலியும்!

ஐஸ்லாந்து ஏரியில் நடக்கும் கார் சண்டை அசல். கடல்நீர் உள்ளே வரும் வாயை அடைத்து ஏரியை உறைய வைத்து, கார்களை நான்கு சக்கர இழுவைக்கு மாற்றி, நிஜப் பனிக்கட்டி மேல் ஓட்டினார்கள். பிளேட்ஸ் கிளப் வாள்சண்டையும் அப்படித்தான். அறை அறையாக உடைத்துக்கொண்டு போகும், ஒவ்வொரு வெட்டும் புரியும். படத்தை அதோடு நிறுத்திவிட்டு எழுந்தால் உங்கள் சின்ன வயது நினைவு சேதமில்லாமல் தப்பிக்கும்.

நண்பர்கள் நான்கு பேர், நான்கு ஞாயிறு, 55 அங்குல டிவி. எந்த நான்கு? செட்டிங் ஏதாவது மாற்ற வேண்டுமா?
– பாகூர், புதுச்சேரி

'மூன்ரேக்கர்' (126 நிமிஷம்), 'ஆக்டோபசி' (131), 'லைசென்ஸ் டு கில்' (133), கடைசி ஞாயிறு 'கேசினோ ராயல்' உடன் சேர்த்து 'குவாண்டம்'. 'லைசென்ஸ் டு கில்' அன்று சின்னப் பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பிவிடுங்கள். சுறாவும் அரவை இயந்திரமும் இருக்கின்றன.

டிவியில் முதலில் 'மோஷன்' என்று வரும் மென்மையாக்கும் வசதியை அணையுங்கள். விநாடிக்கு 24 சட்டங்களாக எடுத்த படத்தில் டிவி இல்லாத சட்டங்களைச் செருகும். அப்போது மூருக்குப் பின்னால் ஓடும் திரைக்காட்சி தனித்தனியாகப் பிரிந்து தெரியும், டூப்பின் விக் வரை கண்ணில் குத்தும். இரண்டாவது, 'ஜூம்' வேண்டாம். இந்தப் படங்கள் அகலத்திரை, மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருவது சரியே. பட்டையை நிரப்பினால் படத்தின் அகலத்தில் ஏறக்குறைய கால்வாசி இரு ஓரத்திலும் அடிபடும். டேங்கர் லாரியின் வால் அப்படித்தான் காணாமல் போகும். 'கோல்டன் கன்' மட்டும் அகலம் குறைவாக எடுத்தது, அதில் பட்டை அநேகமாக வராது. வசனம் மெதுவாகவும் வெடி சத்தமாகவும் கேட்டால் ஒலி அமைப்பு 5.1-இல் நிற்கிறது என்று அர்த்தம். வெளிப்பெட்டிகள் இல்லாவிட்டால் ஸ்டீரியோவுக்கு மாற்றிவிடுங்கள்.